கருவாடு தின்ற வீரன்

கோணிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரை. அதில் ஓர் ஓட்டை. ஓட்டையில் என் இடது கண். வலது கண்ணை வைக்க வழியில்லை. அதைக் கிரீடம் மூடியிருந்தது.

தலை என்னுடையது, கிரீடம் கோவிந்தனுடையது. நடுவில் ஒரு முழுத் துண்டைச் சுருட்டித் திணித்தும் அது மூக்கை நோக்கி இறங்கி வந்துகொண்டே இருந்தது.

வெளியே நல்ல வெயில். விடியுமுன் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் அன்று தோட்டத்துச் சனம் முழுவதும் கூத்துப் பார்க்க உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் எங்கள் கங்காணி, மடியில் தொப்பியும் தொடைமேல் பிரம்புமாக. அவருக்கு வலப்புறம் பெண்கள். பெண்களுக்கெல்லாம் முன்னால், தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை. அவளுக்கு எட்டாம் மாதம்.

அவள் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ தோளைச் சுரண்டினார்கள். குப்பம்மா அக்கா. வழக்கமாக வீரன் வேஷம் கட்டும் கோவிந்தனின் மனைவி.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க."

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு பயப்படாமல் இருந்தவன் உலகத்தில் ஒருவனும் கிடையாது.

"உங்க அண்ணனுக்கு வயித்துக்கடுப்பு தானா வரல. சீனன் கடையில வெளக்கெண்ண வாங்கிக் குடிச்சு வரவெச்சுக்கிட்டாரு."

"ஏன்க்கா?"

"இன்னைக்கு அஞ்சலை முறை கேக்கப் போறா. கங்காணி மேல."

நான் கிரீடத்தைக் கழற்றி அவள் கையில் கொடுக்கப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மத்தளம் முழங்கியது. கூத்து வாத்தியார் வீரனைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். கூப்பிட்ட வீரன் யார்? நான்தான்.

மடைகாத்தவன் கதை

திரைக்குப் பின்னால் நான் நடுங்கிக்கொண்டு நிற்கட்டும். அதற்குள் உங்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் மலாயாவில், அலோர் காஜாவிலிருந்து ஆறேழு மைல். பலகையில் இங்கிலீஷ் பெயர் ஒன்று எழுதியிருக்கும். நாங்கள் அதை ஆத்தோரத் தோட்டம் என்போம். கித்தா என்கிற ரப்பர் மரங்கள், ரப்பர் உலர்த்தும் ஒரு புகைக் கொட்டகை, வரிசை வீடுகளாக நான்கு லயம், லயத்துக்கு ஓரத்தில் மடைகாத்த வீரனுக்கு ஒரு கல். அந்தக் கல்லுக்கு முகம் கிடையாது. ஆற்றிலிருந்து எடுத்து நட்டு மஞ்சள் பூசியது.

வீரன் கதை இதுதான். ஊர் ஏரியை உடைத்து ஊரையே அழிக்க ஒரு பாளையக்காரன் படையோடு வந்தான். மடைக்காவல்காரன் தன் வேலைக் கரையில் ஊன்றி, "இதைத் தாண்டுகிறவன் தாண்டு" என்றான். ஏழு நாள் எவனும் தாண்டவில்லை. எட்டாம் நாள் பின்னாலிருந்து வந்து கொன்றார்கள். கொன்ற பிறகும் ஊன்றிய வேலைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. ஏரி தப்பியது.

வருஷத்துக்கு ஒரு தரம் அவனுக்குப் பொங்கல் வைத்து அந்தக் கதையைக் கூத்தாக ஆடுவோம். ராத்திரி முழுக்க ஆட வேண்டிய கூத்து. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை விடவில்லை. கண் விழித்தால் மறுநாள் பெரட்டுக்கு ஆள் வராது என்று மத்தியானம் ஆரம்பித்து ஆறு மணிக்குள் முடிக்கச் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் தோட்டத்தில் அரக்கர்கள்கூட வெயிலில் குடை பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

இந்தக் கூத்தில் மற்ற இடத்தில் இல்லாத ஒரு கட்டம் உண்டு. கடைசிச் சண்டைக்குக் கிளம்புமுன் வீரன் கவிழ்த்த உரலில் உட்காருவான். மனத்தாங்கல் உள்ள யாரும் வந்து அவனிடம் முறை கேட்கலாம். வீரன் வாயால் தீர்ப்புச் சொல்ல மாட்டான். யார் பக்கம் நியாயமோ அவர்கள் முன்னால் வேலை ஊன்றுவான். அதோடு சரி. ஊன்றியவனே எடுக்கும்வரை எதிராளி அதைத் தாண்டக் கூடாது, தீர்ப்பை மீறவும் கூடாது. தாண்டினால் ரத்தம் கக்குவான் என்பது எல்லோருடைய நம்பிக்கையும். கங்காணிக்கும் அதே நம்பிக்கைதான். ஒரு வருஷம் அவருடைய சேவல் அடுத்த வீட்டுக் கீரையைத் தின்ற வழக்கில் வேல் கீரைப் பக்கம் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே சேவலைக் கட்டிப் போட்டார்.

பெரும்பாலும் கோழி, கீரை, குறட்டை, இப்படித்தான் வழக்கு வரும். அந்த வருஷம்வரை.

பட்டியல்

அந்த வருஷம் கித்தா விலை விழுந்து கிடந்தது. பாலுக்குக் கீறி வெட்ட மரம் இருந்தது, பால் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கங்காணியைக் கூப்பிட்டு, பன்னிரண்டு குடும்பத்தின் பெயர் எழுதிக் கொடு, ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடலாம் என்றார்.

பன்னிரண்டில் ஒன்று அஞ்சலையின் குடும்பம். அவளும் அவள் புருஷன் முனியனும். ஏன் அவர்கள் என்று கேட்டால், பிள்ளைத்தாய்ச்சி மரம் வெட்ட மாட்டாள், குறைத்தால் அவளைத்தான் குறைக்க வேண்டும். கங்காணியின் கணக்கு அவ்வளவுதான். கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். பயந்தவர். எனக்குப் பயந்தவர்களைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், சொந்தக்காரனைத் தெரிவதுபோல.

அஞ்சலைக்கு ஊருக்குப் போவதில் ஆட்சேபம் இல்லை. கப்பலில்தான் ஆட்சேபம். இங்கே வரும்போது கப்பலில்தான் முதல் பிள்ளையைப் பெற்றாள். கரை சேரும்போது அவள் கை வெறும் கையாக இருந்தது.

புதன்கிழமை துறைமுகத்துக்கு லாரி என்று சொல்லிவிட்டார்கள். கூத்து ஞாயிற்றுக்கிழமை.

ஆள் பொருத்தம்

கோவிந்தன் ஆறடிக்கு ஓரிரண்டு அங்குலம் மேல். சொந்த மீசை. பெரட்டில் "ஆஜர்" என்று அவன் சொன்னால் புகைக் கொட்டகைத் தகரம் அதிரும். பத்து வருஷமாக அவன்தான் வீரன். அவனைப் பார்த்துத்தான் கல்லுக்கு எப்படி முகம் இருக்கும் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நான் பபூன். பெயர் சிங்காரம். பெயர் வைத்தபோது என் முகத்தை யாரும் துணி விலக்கிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஐந்தடி, அதுவும் முடியைச் சேர்த்து. மேடையில் என் வேலை வீரன் சொல்வதை எல்லாம் கோணலாகத் திரும்பச் சொல்வது. ஆகவே வீரன் வசனம் முழுவதும் எனக்குத் தெரியும். அதுதான் என் தலையில் இடியாக விழுந்தது.

கூத்தன்று காலை கோவிந்தன் படுத்துவிட்டான் என்று தெரிந்ததும் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். என்னை நடுவில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவனாவது வாலைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்துவான்.

"இவன் வீரன் இல்லய்யா, வீரனோட செருப்பு மாதிரி இருக்கான்."

"குதிர மேல ஏறணுமே? இவனத் தூக்கிக் குதிர இடுப்புல வெச்சுக்கணும் போல."

"மீச?"

"ஆட்டு மயிர் இருக்கு. கித்தாப் பால் இருக்கு. ஒட்டிரலாம்லா."

எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஆசை. பத்து வருஷம் வீரனைக் கேலி செய்தவனுக்கு ஒரு நாள் வீரனாக நிற்க ஆசை இருக்காதா? "எனக்கென்ன, கட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த நாக்கை அன்றே கித்தாப் பால் விட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலையில என்னடா தின்ன?"

"கஞ்சி, வாத்தியாரே."

"கஞ்சிக்கு?"

"... கருவாடு."

கூட்டம் முழுவதும் 'ச்சொ' என்றது. வீரன் வேஷம் கட்டுகிறவன் பதினோரு நாள் விரதம் இருக்க வேண்டும். கோவிந்தன் இருந்தான். நான் இருந்தது சுட்ட கருவாட்டோடு.

"வேஷம் கட்டிக்க. வேற வழி இல்ல. ஆனா அசல் வேலத் தொடப்படாது" என்றார் வாத்தியார். அசல் வேல் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது. எனக்காக, பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த முருங்கை மரத்தில் நீளமாக ஒரு கொம்பை வெட்டினார்கள். அடியைப் பாராங் கத்தியால் கூராக்கி, நுனியில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செருகி, நடுவில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேல். கிட்டத்திலிருந்து பார்த்தால் சாம்பார்.

சரி, திரைக்குப் போவோம். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

முறை

"அக்கா, எனக்கும் வயித்த வலிக்குது" என்றேன் குப்பம்மா அக்காவிடம்.

"வெளக்கெண்ண தீந்துபோச்சு தம்பி" என்று சொல்லி என்னைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

வீரன் புலிபோல் பாய்ந்து வருவான் என்று வாத்தியார் பாடிக்கொண்டிருந்தார். நான் தடுக்கி வந்தேன். சனம் கொல்லென்று சிரித்தது. நான் வேண்டுமென்றே செய்வதாக நினைத்திருப்பார்கள்.

முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. வசனம் தானாக வந்தது. வெயிலில் முகத்து அரிதாரம் எண்ணெயோடு கலந்து கழுத்தில் ஓடியது. கையெல்லாம் வழவழப்பு. மீசையின் இடது பாதி காய்ந்து இறுகிவிட்டது. வலது பாதி பிரிந்து தொங்கி, பேசும்போதெல்லாம் வாய்க்குள் வந்து போனது. என் ஒற்றைக் கண் மட்டும் அஞ்சலையைவிட்டு நகரவில்லை. எழுந்து போய்விட மாட்டாளா? மாட்டாள்.

உரலில் உட்கார்ந்தேன். வாத்தியார் முறை கேட்கச் சனத்தைக் கூப்பிட்டார்.

ஒரு கிழவர் வாத்து காணவில்லை என்றார். ஒருத்தி புருஷன் குறட்டை என்றாள். வேலைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அதற்கும் சிரிப்பு. கங்காணியும் சிரித்தார். இந்தச் சிரிப்பிலேயே ஆறு மணி ஆகிவிடாதா என்று சூரியனைப் பார்த்தேன். அது எனக்காக அவசரப்படவில்லை.

அஞ்சலை எழுந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையை இடுப்பில் வைத்து, இரண்டு தவணையாக. நடந்து வந்து எனக்கும் கங்காணிக்கும் நடுவில் நின்றாள்.

சிரிப்பு நின்றது.

"வீரையா" என்றாள். என்னை அவள் அதுவரை சிங்காரண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "நான் போவ மாட்டேன்னு சொல்லல. பெத்துட்டுப் போறேன்னுதான் சொல்றேன். கப்பல்ல ஒண்ணு போச்சு. இன்னொண்ணும் போகணுமா? இதக் கங்காணியார்கிட்ட மூணு தடவ கேட்டுட்டேன். நீங்க கேளுங்க."

கங்காணி பிரம்பைத் தொடையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அது மரியாதையா எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. அவர் என்னையே பார்த்தார். கிரீடத்தை, அரிதாரத்தை, மீசையை எல்லாம் தாண்டி உள்ளே இருந்த சிங்காரத்தைப் பார்த்தார். என்னைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர் அவர். பட்டியலில் பதின்மூன்றாவது பெயர் எழுத அவருக்குப் பென்சிலைத் தேடுகிற நேரம் போதும்.

நான் எழுந்தேன்.

தீர்ப்புச் சொல்ல வீரன் எழுந்தான் என்று சனம் நினைத்தது. இத்தனை வருஷம் கழித்து இந்தப் பத்திரிகையில் ஒப்புக்கொள்கிறேன்: நான் எழுந்தது ஓடுவதற்கு. புகைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அப்புறம் மலாய்க்காரர் குடியிருக்கும் கம்போங், அதற்கு அப்புறம் எதுவானாலும் சரி.

ஓரடி வைத்தேன். கோவிந்தனின் அங்கி எனக்குத் தரைவரை. அதை மிதித்தேன். முன்னால் சரிந்தேன். விழாமலிருக்கக் கையிலிருந்த கொம்பின்மேல் என் மொத்தப் பாரத்தையும் போட்டுவிட்டேன். முதல் நாள் மழை பெய்து தரை ஊறியிருந்தது. கூராக்கிய முருங்கைக் கொம்பு முக்கால் முழம் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. அஞ்சலையின் காலுக்கும் கங்காணியின் காலுக்கும் நடுவில், நட்ட நடுவில்.

கை வழுக்கி நான் அதை விட்டுவிட்டேன். அது ஆடி, ஆடி, நின்றது.

பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

"எடுடா!"

என்று கத்திக்கொண்டே கங்காணி எழுந்தார்.

"நிறுத்துங்க. இது என்ன? முருங்கக் கொம்பு. இவன் யாரு? காலையில கருவாடு தின்னவன். வெரதம் இல்ல, அசல் வேல் இல்ல, ஆளும் பொருத்தம் இல்ல. இது செல்லுமா வாத்தியாரே? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. என்னைக் கேட்டிருந்தால் நானும் செல்லாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாத்தியார் மத்தளத்துக்காரனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது.

"செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியாது கங்காணியாரே. வேஷம் கட்டி ஊனியாச்சு. ஊனினவனே எடுத்துட்டா கட்டு அவுந்துரும். அவன் எடுக்கட்டும்."

"எடுடா சிங்காரம்" என்றார் கங்காணி. சத்தமாகக்கூட இல்லை. பெரட்டில் தினமும் கூப்பிடுகிற அதே குரல்.

முந்நூறு கண்கள் இருக்கும். எல்லாம் என்மேல். அஞ்சலை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கொம்புக்குப் பின்னால் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

வீரன் வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. குனிந்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. தலையைச் சற்றுத் தாழ்த்தினேன். கிரீடம் வழுக்கிற்று. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். வாய், பத்து வருஷப் பழக்கத்தில், தானாகப் பேசிவிட்டது.

"கங்காணியாரே, குனிஞ்சா கிரீடம் விழுந்துரும்."

திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், கிழித்துக்கொண்டு வந்தது.

"அதானே! வீரன் எப்பய்யா குனிஞ்சாரு?"

குப்பம்மா அக்கா. புருஷன் குடித்த விளக்கெண்ணெய்க்கு எல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

சனம் சிரித்தது. அது பபூனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கங்காணி அதைக் கேட்டார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொம்பைச் சுற்றிக்கொண்டு, தாண்டாமல், நடந்து போனார்.

கழுத்து எப்படி இருக்கு?

புதன்கிழமை லாரி அஞ்சலையும் முனியனும் இல்லாமல் போயிற்று. கிராணியிடம் கங்காணி என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த லாரி மாதக் கடைசியில் என்று சேதி வந்தது.

மறுநாளிலிருந்து பெரட்டில் என் முறை வரும்போது கங்காணி நின்று கேட்பார்:

"சிங்காரம், கழுத்து எப்படி இருக்கு? இப்ப குனிய வருதா?"

"கொஞ்சம் பிடிச்ச மாதிரியே இருக்குங்க."

"பாத்துக்க."

என்னை ஆற்றோரச் சதுப்பில் இருந்த வரிசைக்கு மாற்றினார். அங்கே மரத்துக்கு நான்கு சொட்டுப் பால், காலுக்கு நாற்பது அட்டை. மத்தியானம் லயத்துக்கு வந்தால் பெரட்டுக் களத்தில் அந்தக் கொம்பு நிற்கும். ஈயத்தாள் வெயிலில் மின்னும். பெண்கள் தினமும் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அஞ்சலை இரண்டு வேளை ஊற்றினாள். நான் அதைக் கண்டால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

கோவிந்தன் என்னிடம் பேசவில்லை. ஒரே ஒரு தரம் கிணற்றடியில், "வேஷம் உனக்குப் பொருந்தலடா" என்றான். "தெரியும்ணே" என்றேன். அவன் ஏனோ கோபித்துக்கொண்டு போனான்.

மாதக் கடைசி வந்தது. சனிக்கிழமை காலை லாரி. வியாழக்கிழமை பெரட்டில் கங்காணி கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துரு. இல்லாட்டி அந்தக் காயிதத்துல உன் பேரு. பன்னெண்டுல ஒண்ணு கொறையுதுன்னு தொரை ரெண்டு தடவ கேட்டாச்சு."

அன்று ராத்திரி நான் என்னோடு நிறையப் பேசினேன். அஞ்சலை சொன்ன கணக்குக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. எனக்கு ஊரில் ஒரு குடிசைகூட இல்லை. மேலும் நான் வீரனா என்ன? விரதமில்லை, வேல் இல்லை. தடுக்கி விழுந்ததற்கு ஒரு மனுஷன் எத்தனை நாள் பொறுப்பேற்பான்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் பால் நிறுக்கப் போயிருந்த நேரம், பெரட்டுக் களத்துக்குப் போனேன். சுற்றிலும் பார்த்தேன். ஆள் இல்லை. இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

காலை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தேன். அசையக்கூட இல்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கையடியில் ஈயத்தாள் கிழிந்தது. கிழிந்த இடத்தில் பச்சையாக, விரல்நகம் அளவுக்கு, ஒரு துளிர். அதற்கு மேலே இன்னொன்று. ஈயத்தாளைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது.

மழையும் மஞ்சள் தண்ணீரும் ஒரு மாதம் குடித்த முருங்கைக் கொம்பு வேறு என்ன செய்யும்?

"சிங்காரண்ணே."

திரும்பினேன். அஞ்சலை. கையில் செம்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. என் இரண்டு கையும் இன்னும் கொம்பின்மேல் இருந்தன. எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள். கிழிந்த ஈயத்தாளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்ணி ஊத்த வந்தேன்" என்றாள். "நீங்களும் தண்ணி ஊத்தத்தான் வந்தீங்களா?"

என் கையில் செம்பு இல்லை, குவளை இல்லை, ஒரு சிரட்டைகூட இல்லை.

"ஆமா" என்றேன்.

தன் செம்பை என்னிடம் நீட்டினாள். வாங்கி ஊற்றினேன். பாதித் தண்ணீர் கொம்புக்கு, பாதி என் காலுக்கு.

கங்காணியின் செருப்பு

சேதி லயமெல்லாம் பரவ அரைமணி நேரம் போதுமாயிருந்தது. வேல் துளிர்த்துவிட்டது. முருங்கைக் கொம்பு துளிர்க்கும் என்பது அங்கே தெரியாதவர் ஒருவருமில்லை. லயத்துக் கொல்லையில் எல்லோரும் நட்டு வைத்திருப்பவர்கள்தான். ஆனாலும் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் போட்டுக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கங்காணி வந்தார். கூட்டம் விலகிற்று. கொம்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"முருங்க. எங்க நட்டாலும் வரும்" என்றார்.

ஒரு கிழவி மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புடுங்கணும்னா ரெண்டு ஆளு போதும்" என்றார்.

யாரும் முன்னால் வரவில்லை. அவரும் ஆளைக் கூப்பிடவில்லை. அந்தத் துளிரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். ஒன்று, இரண்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னை ஓரமாக வரச் சொன்னார்.

"அவளுக்குப் பொறக்கட்டும். நான் கிராணிக்கிட்ட பேசிக்கிறேன்."

"சரிங்க."

"ஆனா காயிதத்துல பன்னெண்டு இருக்கணும். உன் பேர எழுதிட்டேன்."

அவர் கையிலிருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லாரி நாளைக்கு எட்டு மணிக்கு. அதுக்குள்ள நீ எங்கயாச்சும் ஓடிட்டா, ஓடிட்டான்னு எழுதிக்குவேன். ஓடுற ஆளத் தேடிப் போற வயசு எனக்கு இல்ல." பிறகு கேட்டார்: "அன்னைக்கு நெசமாவே ஊனினியா, தடுக்கி விழுந்தியாடா?"

"தடுக்கிட்டேங்க."

"நெனச்சேன்" என்றார். போய்விட்டார்.

பொழுது சாயுமுன் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு புகைக் கொட்டகைக்குப் பின்னால் அந்த வேலியைத் தாண்டினேன். ஒரு மாதம் தாமதமானாலும் வீரன் கடைசியில் திட்டமிட்டபடியே ஓடினான். அலோர் காஜாவரை நடை, அங்கிருந்து மலாக்காவுக்குப் பஸ். அங்கே பாசார் என்கிற சந்தையில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். டவுன்காரனாகிவிட்டேன்.

குழம்பு

நான்கைந்து வருஷம் கழித்துக் கித்தா விலை ஏறியது. தைரியம் வந்து தோட்டத்துக்கு ஒரு நாள் போனேன். கங்காணி ஓய்வெடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். கப்பலில்தான்.

பெரட்டுக் களத்தில் ஒரு முருங்கை மரம். ஆள் உயரத்தில் துருப்பிடித்த ஒரு தகரத்துண்டு மரத்துக்குள் பாதி புதைந்திருந்தது. இப்போதெல்லாம் கூத்துக்கு அந்த மரத்தில்தான் வேல் வெட்டுகிறார்களாம். வீரன் வேஷம் இன்னமும் கோவிந்தன்தான். அவனைப்போல் பொருத்தமாக ஆள் கிடைக்குமா? அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன், கிடைக்க மாட்டான்.

அஞ்சலை என்னைச் சாப்பிடாமல் விட மாட்டேன் என்றாள். அவள் மகள் வீராயி, இரண்டு குடுமி போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்து என் உயரத்தைத் தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலையில் சோறு. சோற்றின்மேல் குழம்பு. குழம்பில் முருங்கைக்காய், முருங்கைக்காயோடு கருவாடு.

"நம்ம மரத்துக் காயி" என்றாள் அஞ்சலை. "மத்தவங்க பறிக்கப் பயப்படுவாங்க. நான் பறிப்பேன்."

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். நல்ல காரம். மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தினால்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்து சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சும்மா கேட்பதுபோல் கேட்டாள்:

"ஏண்ணே, அன்னைக்கு நீங்க தண்ணி ஊத்தத்தான வந்தீங்க?"

இலையை அவள் பக்கம் தள்ளினேன்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றேன். "கருவாட்டோட."